வாசகர் கேள்வி–பதில்: ஓங்கிய கத்தி அப்படியே நிற்க, எதற்கு இத்தனை மைண்ட் வாய்ஸ்?

மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதை பற்றி வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தீர்கள். பாத்திரங்கள் ஏன் இவ்வளவு பேசுகின்றன, பேசாத நேரத்திலும் ஏன் மனசுக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன என்று. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படத்தைத் தமிழில் போய்ப் பார்த்தோம். படம் பிரமாதம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமா பையன், 'இவன் சண்டை போடுறானா, சண்டையைப் பத்திக் கட்டுரை வாசிக்கிறானா?' என்று கேட்டுவிட்டான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னது சரியா?
— கல்லூரி மாணவர், கோவை

பாதி சரி தம்பி. அதை ஒப்புக்கொள்வதால் அந்தக் கதை மேல் நமக்கு இருக்கிற பிரியம் ஒன்றும் குறைந்துவிடாது. அரக்கர்களை வேட்டையாடுகிற நாயகன் தான்ஜிரோ எனக்கு மிகவும் பிடித்த பையன், ஆனால் மூக்கில் என்ன வாசனை ஏறியது, எதிரியின் அடுத்த அடி எந்தப் பக்கம் வரும், தன் மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும், உடம்பில் எது எது உடைந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் நமக்கு ஒப்பித்துவிட்டுத்தான் கத்தியை இறக்குவான்.

இதில் அச்சுக்கும் திரைக்கும் நடுவே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். கொயோஹாரு கொடோகே இந்தக் கதையை 2016 முதல் 2020 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வரைந்தார். தாளில் ஓங்கிய கத்தி எப்படியும் அசையப்போவதில்லை. வசன பலூனை இரண்டு நொடியில் படித்துவிட்டுக் கண் மறுபடி கத்திக்குத் திரும்பிவிடும், எவ்வளவு நேரம் நிற்பது என்பது நம் இஷ்டம். அதே வரியைத் திரையில் ஒருவர் உணர்ச்சியோடு பேசி முடிக்கப் பத்து நொடி ஆகிறது, அந்தப் பத்து நொடியும் கத்தி அந்தரத்தில் நிற்கிறது, எதிரி பொறுமையாகக் காத்திருக்கிறான். இதை அனிமேயாக, அதாவது அசையும் படமாக எடுத்த யூஃபோடேபிள், மூலக்கதையின் வசனங்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொள்கிற நிறுவனம். 155 நிமிடப் படத்தில் இது சேர்ந்துகொண்டே போகும். இன்னொன்று, கொடோகேயின் சண்டைப் பக்கங்களில் யாருடைய கை எங்கே இருக்கிறது என்று சட்டெனப் புரியாத இடங்கள் உண்டு. அங்கே வசனம் ஊன்றுகோல் மாதிரி உதவியது. அனிமேயில் படம் தெளிவாக ஓடுகிறது, ஊன்றுகோலுக்கு வேலையே இல்லை, ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். அதே படத்தில் தான்ஜிரோவின் தோழன் ஸெனிட்சுவை நினைத்துப் பாருங்கள். கதை முழுக்கக் கத்துவான், அழுவான், பயத்தில் புலம்புவான், வாயை மூடவே மாட்டான். தன்னை வளர்த்த குருவின் சாவுச் செய்தி கடிதமாக வந்த நாளிலிருந்து அவன் அமைதியாகிவிடுகிறான். 'நான் மாறிவிட்டேன்' என்று அவன் எங்கேயும் சொல்வதில்லை, அவனுடைய சத்தம் நின்றுபோனதே நமக்குப் போதுமாக இருக்கிறது. அதே குருவிடம் படித்து, பிறகு அரக்கனாகிவிட்ட கைகாகு எதிரே அவன் நிற்கும்போது அந்த முகத்தைப் பார்த்தே பயம் வந்துவிடுகிறது. ஆக, வார்த்தையை எங்கே நிறுத்தினால் வலிக்கும் என்பது இந்தக் கதாசிரியருக்குத் தெரியாமல் இல்லை.

அப்புறம், மத்தளங்கள் முளைத்த அரக்கனின் வீட்டில் தான்ஜிரோ 'தாங்கிக்கொள் தான்ஜிரோ, இதுவரை நன்றாகத்தானே செய்தாய், உன்னால் முடியும்' என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிற இடம் இருக்கிறதே, அதுவும் மைண்ட் வாய்ஸ்தான். ஆனால் அதில் தகவல் எதுவும் இல்லை. குடும்பத்தையே இழந்த, மூத்த பிள்ளையாக வளர்ந்த ஒரு பையன், தம்பி தங்கைகளுக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஆறுதலைத் தனக்குச் சொல்லிக்கொள்கிறான். அதை வெட்டினால் அந்தப் பையனையே வெட்டினது மாதிரி. 'எதிரியின் வேகம் கூடிவிட்டது, என் வலது தோள் தாமதிக்கிறது' என்கிற மாதிரி வரியை வெட்டினால் யாருக்கும் எதுவும் குறையாது. உங்கள் மாமா பையனிடம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள், ஒப்புக்கொள்வான்.

'டெத் நோட்' முழுக்க முழுக்க மைண்ட் வாய்ஸ்தானே சார்? அதை மட்டும் எல்லோரும் கொண்டாடுகிறோமே, அது எப்படி?
— வங்கி ஊழியர், திருச்சி

ஏனென்றால் அந்தக் கதையில் நினைப்பதுதான் சண்டை. பேரை எழுதினால் அந்த ஆள் செத்துப்போகிற நோட்டுப் புத்தகம் லைட் என்ற மாணவன் கையில் இருக்கிறது, 'கிரா' என்ற பேரில் ஊரே தேடுகிற கொலைகாரன் அவன்தான், அவனைப் பிடிக்கப் பார்க்கிற துப்பறிவாளன் எல். கத்திச் சண்டையோ மந்திரச் சண்டையோ இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே சிரித்தபடி நிற்கிறார்கள், ஒருவர் மனசில் இருப்பது மற்றவருக்குத் தெரிந்தால் தெரிந்தவர் ஜெயித்தார்.

பல்கலைக்கழகத்தில் லைட்டும் எல்லும் டென்னிஸ் ஆடுகிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் வெறும் ஆட்டம், சுற்றி நிற்கிறவர்கள் இருவரின் திறமையைப் பார்த்து வியக்கிறார்கள். உள்ளே என்ன ஓடுகிறது? தோற்கப் பிடிக்காதது கிராவின் குணம் என்று எல் கணித்து வைத்திருக்கிறான். லைட் முழு வேகத்தில் ஆடினால் அது கிராவின் பிடிவாதமாகத் தெரியுமோ, வேண்டுமென்றே தோற்றால் மறைக்கப் பார்க்கிறான் என்று ஆகுமோ? ஆனால் விளையாட்டில் யாருக்குத்தான் தோற்கப் பிடிக்கும்? பந்து போய்வருகிற ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கும் போய்வருகிறது. படம் ஒன்றைச் சொல்கிறது, மனக்குரல் நேர் எதிரானதைச் சொல்கிறது, அந்த இடைவெளியில்தான் நமக்குப் பதைபதைப்பு. உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டுக்குள் சின்ன டிவியை ஒளித்துவைத்துப் படிக்கிற பிள்ளை மாதிரி லைட் உட்கார்ந்திருக்கும் காட்சியும் இதே வகைதான். கேமரா வழியாகப் பார்க்கிறவர்களுக்குப் படிப்பு தெரிகிறது, நமக்கு மட்டும் கொலை தெரிகிறது.

அதே புத்தகம் இரண்டாம் பாதியில் தளர்ந்துபோகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுகுமி ஓபாவும் தாகேஷி ஓபாடாவும் 2003 முதல் 2006 வரை 108 அத்தியாயம் செய்தார்கள். கடைசியில் கிடங்குக் காட்சியில், எல்லுக்குப் பிறகு வருகிற துப்பறிவாளன் நியர், நோட்டுப் புத்தகம் எப்படி மாற்றப்பட்டது, யார் எந்த நாளில் எதைச் செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறான். அது நம் கண்ணுக்கு முன்னால் நடக்காத விஷயம். முன்பு யோசனை நடந்துகொண்டிருக்கும்போதே நாமும் கூடவே யோசித்தோம், இங்கே எல்லாம் முடிந்தபிறகு அறிக்கை வாசிக்கக் கேட்கிறோம். பேச்சின் அளவு கிட்டத்தட்ட அதேதான். ஆனாலும் கிடங்கில் எனக்கு அந்த டென்னிஸ் மைதானத்தின் பதைபதைப்பு வரவில்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வாசகனை முட்டாள் என்று நினைக்கிறார்களா?
— பெயர் வேண்டாம், சேலம்

இல்லை, அப்படி நினைப்பது அவர்களுக்கு அநியாயம். வார இதழில் வரைகிறவர்களின் பிழைப்பை ஒரு நிமிடம் பாருங்கள். வாரத்துக்குப் பத்தொன்பது பக்கம் அளவில் ஒரு அத்தியாயம், வாராவாரம். ஷோனென் ஜம்ப்பில் வாசகர்கள் அனுப்பும் அட்டையில் எந்தக் கதைக்கு எவ்வளவு ஓட்டு என்பதைப் பொறுத்துத் தொடரின் ஆயுள். 1994 முடிகிற சமயத்தில் அந்த இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதி அச்சானது. அத்தனை பேரில் எவ்வளவோ பேர் நடுவில் வந்து சேருகிறவர்கள், போன வாரத்தைத் தவறவிட்டவர்கள், ரயிலில் நின்றுகொண்டே புரட்டுகிறவர்கள். 1983-ல் மங்கா பற்றி ஆங்கிலத்தில் முக்கியமான புத்தகம் எழுதிய ஃபிரெடரிக் ஷாட், 320 பக்க இதழ் ஒன்றைச் சராசரி வாசகர் 20 நிமிடத்தில் முடித்துவிடுகிறார் என்று ஒரு பதிப்பாசிரியர் சொன்ன கணக்கைக் குறிப்பிடுகிறார். ஒரு பக்கத்துக்கு நான்கு நொடி கூட இல்லை. இந்த வேகத்தில் பறக்கிறவர் ஒரு முக்கியமான அசைவைப் பார்க்காமல் தாண்டிவிட்டால் அடுத்த பத்துப் பக்கம் புரியாது. அந்தப் பயத்தில்தான் 'என்ன, இடது கையாலா தடுத்தான்!' என்று பக்கத்தில் நிற்கிறவன் கத்துகிறான்.

பழக்கமும் ஒரு காரணம். பேசாப்பட காலத்தில் ஜப்பானியத் திரையரங்கில் 'பென்ஷி' என்று ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வார், அவருக்கென்றே கூட்டம் வரும். தெருவில் சைக்கிளில் வந்து படத்தட்டுகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்லும் 'கமிஷிபாய்' இருந்தது. மிசுகி ஷிகேரு, ஷிராட்டோ சன்பேய் மாதிரிப் பெரிய மங்கா கலைஞர்கள் அந்தத் தட்டுகளை வரைந்துவிட்டுத்தான் மங்காவுக்கு வந்தார்கள். நம் கூத்தில் கட்டியங்காரன் வருகிற மாதிரி, படத்துக்குப் பக்கத்தில் ஒரு குரல் இருப்பது அவர்களுக்குப் புதிது இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். மங்காவின் முதல் வரைவை, அதாவது கட்டம் பிரித்து வசனம் எழுதிக் குச்சி மனிதர்களை மட்டும் போட்டுப் பதிப்பாசிரியரிடம் காட்டுகிறார்களே, அதை 'நேம்' என்பார்கள். ஜப்பானிய அச்சுத் தொழிலில் வசன எழுத்துக்கே அந்தப் பேர் உண்டு. குச்சி மனிதனின் முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாது, அதனால் அந்தக் கட்டத்தில் வசனம்தான் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். பிறகு நல்ல முகம் வரைந்து முடித்தபின் அந்த வசனத்தை யாராவது எடுத்துவிட வேண்டும். பல தொடர்களில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பது என் ஊகம்.

இந்த நெருக்கடியையே விளையாட்டாக மாற்றியவர் கேகே அகுடாமி. மந்திரவாதிகள் சண்டை போடுகிற அவருடைய 'ஜுஜுட்சு கைசென்' உலகத்தில் தன் வித்தையை எதிரியிடம் விளக்கிச் சொன்னால் வித்தையின் பலம் கூடும் என்று ஒரு விதி வைத்துவிட்டார், இனி யாரும் 'ஏன் விளக்குகிறான்' என்று கேட்க முடியாது. நானாமி எதிரியிடம், எதையும் பத்தாகப் பிரித்து ஏழுக்கு மூன்று என்ற புள்ளியில் அடித்தால் பலவீனப்படுத்தலாம் என்று சொல்கிற விதத்தைப் பாருங்கள். முன்னாள் அலுவலகக்காரர், அலுவலகத்தில் ஒரு திட்டத்தை விளக்குகிற அதே சலிப்போடு சொல்கிறார், வேலை நேரம் முடிந்துவிட்டது என்றால் 'ஓவர்டைம்' என்று அறிவித்துவிட்டு இன்னும் பலமாக அடிக்கிறார். விளக்கம் சொல்கிற விதமே அந்த ஆளாக இருக்கிறது. ஆனால் பின்னால், சாவு விளையாட்டின் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பகுதியில், ஹகாரி என்ற பாத்திரத்தின் வித்தை புரிய, பச்சிங்கோ என்கிற ஜப்பானியச் சூதாட்ட இயந்திரம் எப்படி ஓடும் என்று நாம் படிக்கவேண்டி வந்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. விதியின் பேரைச் சொல்லிக்கொண்டு விளக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று ஆகிவிட்டது.

நாங்கள் இங்கிலீஷில் படிப்பதால்தான் வளவளவென்று தெரிகிறதா?
— ஆசிரியை, யாழ்ப்பாணம்

ஓரளவுக்கு ஆமாம் அக்கா. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே ஓடுகிறது, பலூனும் அதற்கேற்ப உயரமாக ஒல்லியாக இருக்கும். சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' எழுத்து முறையில் நான்கே எழுத்தில் ஒரு வித்தையின் பேர் முடிந்துவிடும், பக்கத்தில் பொடி எழுத்தில் வேறு உச்சரிப்பைப் போட்டு ஒரே பார்வையில் இரண்டு அர்த்தம் கொடுத்துவிடுவார்கள். அதை மொழிபெயர்த்தால் ஒரு வாக்கியம் ஆகிறது, அந்த வாக்கியத்தைக் குறுகலான பலூனுக்குள் சொல்லுக்குச் சொல் உடைத்துத் திணிக்கிறார்கள். தமிழில் போட்டால் இன்னும் சிரமம், நம் சொற்கள் நீளம். ஆனால் பாத்திரம் தன் கண்ணீரைத் தானே விளக்கினால் அது எந்த மொழியில் படித்தாலும் விளக்கம்தான், அதை மொழிபெயர்ப்பாளர் தலையில் போட முடியாது.

பெண்களுக்கான ஷோஜோ மங்காவில் மனக்குரல் பக்கம் முழுக்க மிதக்கிறதே. அதையும் குறை என்பீர்களா?
— ஓவியக் கல்லூரி மாணவி, சென்னை

மாட்டேன். இந்தக் கலையில் மனக்குரலை மிக அழகாகக் கையாண்டவர்கள் அவர்கள்தான். 1949-ஐ ஒட்டிப் பிறந்த ஹாகியோ மோட்டோ, ஓஷிமா யுமிகோ முதலான பெண்கள் 1970-களில் வார்த்தையைப் பலூனிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். கட்டத்தின் கோடு அழிகிறது, முகத்துக்கும் பூவுக்கும் நடுவே ஒரு வரி மிதக்கிறது, யாரிடம் சொல்லப்பட்டது என்றே தெரியாது. ஹாகியோவின் 1974-ம் வருடத் தொடரான 'தாமஸின் இதயம்' பனியில் ஒரு பையனின் சாவோடு தொடங்குகிறது, அவன் எழுதிவைத்த கடிதம் யூலி என்ற மாணவன் கைக்கு வருகிறது. யூலியின் மனசுக்கு இவ்வளவு பக்கத்தில் நாம் இருந்தும், அவனுக்கு உள்ளே என்ன காயம் என்பது கதையின் கடைசிப் பகுதி வரை நமக்குத் தெரியாது. அவன் தன்னிடமே சொல்லிக்கொள்ளாததை நம்மிடம் எப்படிச் சொல்வான்? நிஜத்தில் நம் மனக்குரலும் இப்படித்தானே, முக்கியமானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருக்கும்.

'ஹன்டர் x ஹன்டர்' கப்பல் பகுதியை மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் நிறுத்திவிட்டேன். என் மேல்தான் தப்பா அண்ணே?
— மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூர்

உங்கள் மேல் தப்பே இல்லை. பதினான்கு இளவரசர்கள், ஒவ்வொருவருக்கும் காவலர்கள், காவலர்களுக்குள் உளவாளிகள், ஒவ்வொரு இளவரசருக்கும் 'நென்' என்கிற உயிர்ச்சக்தியால் ஆன ஒரு காவல் மிருகம், ஒவ்வொரு மிருகத்துக்கும் விதி. பக்கத்தைத் திருப்பினால் எழுத்துக்கு நடுவே முகத்தைத் தேடவேண்டியிருக்கிறது. இதை வரைகிற தொகாஷியின் மூளை மேல் எனக்கு அளவில்லாத மரியாதை, ஆனால் அந்தப் பகுதியில் ஆட்கள் எல்லாம் காய்களாகிவிட்டார்கள், யார் செத்தாலும் எனக்குப் பதறவில்லை.

இதே மனிதர் கைமேரா எறும்புப் பகுதியில் அரண்மனைக்குள் நுழைகிற சில நொடிகளை ஒரு கதைசொல்லியின் குரலை வைத்து அத்தியாயக் கணக்கில் நீட்டினார். அதைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர், நான் திட்டமாட்டேன். அங்கே குரல் நேரத்தையே பிடித்து நிறுத்துகிறது, ஒரு நொடிக்குள் ஒருவன் எடுக்கிற முடிவு எவ்வளவு பெரியது என்று காட்டுகிறது. அப்புறம் அந்தப் பகுதியின் கடைசிக்கு வாருங்கள். விஷம் ஏறி எறும்புகளின் அரசன் மெரூமுக்குக் கண் தெரியாமல் போகிறது, எதிரே பிறவியிலேயே பார்வை இல்லாத பெண் கொமுகி, நடுவே சதுரங்கம் மாதிரியான குங்கி ஆட்டம். தொகாஷி கட்டங்களைக் கறுப்பாக்கிவிட்டார். முழுக் கறுப்பு, அதில் இரண்டு பேரின் பேச்சு மட்டும். 'கொமுகி, இருக்கிறாயா?' என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்கிறான், இருக்கிறேன் என்கிறாள். படமே இல்லாத அந்தப் பக்கங்களில் வெறும் பேச்சுதான் இருக்கிறது, ஆனால் ஒரு வார்த்தை கூட விளக்கம் இல்லை. எனக்கு இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைக்கவேண்டியிருக்கிறது. கப்பலை விட்டுவிட்டு இதை மறுபடி எடுத்துப் படியுங்கள்.

வசனமே இல்லாமல் உங்களை உலுக்கிய பக்கம் எது? ஒன்று மட்டும் சொல்லுங்கள்.
— பள்ளி மாணவர், மதுரை

ஒன்று மட்டும் என்றால் இனோவே தாகேஹிகோவின் கூடைப்பந்துக் கதை 'ஸ்லாம் டங்க்', கடைசித் தொகுதியான 31-ல் சன்னோ பள்ளியோடு நடக்கும் ஆட்டத்தின் முடிவு. அதற்கு முன் முப்பது தொகுதி கூச்சலும் கும்மாளமுமாக இருந்த கதை. கடைசி நொடிகளில் பலூன்கள் மறைந்துபோகின்றன, பார்வையாளர் வரிசையில் யாரும் விளக்கம் சொல்லவில்லை. ஒருத்தரை ஒருத்தர் கண்டாலே ஆகாத ருகாவா பந்தை சகுராகியிடம் கொடுக்கிறான். சகுராகியின் வாயில் ஒரே ஒரு வரி, 'இடது கை சும்மா தாங்கினால் போதும்'. பயிற்சியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அப்புறம் இரண்டு பேரும் ஓங்கி உள்ளங்கையைத் தட்டிக்கொள்கிற இரட்டைப் பக்கம். 'இப்போது நான் உன்னை ஏற்றுக்கொண்டேன்' என்று யாராவது ஒருவன் நினைத்திருந்தால் கூட அந்தப் பக்கம் பாழாகியிருக்கும்.

இன்னும் வேண்டும் என்றால் அதே இனோவேயின் வாள்வீரர் கதை 'வகபாண்ட்'. யோஷிகாவா எய்ஜியின் நாவலில் நன்றாகப் பேசுகிற சசாகி கோஜிரோவை இவர் காது கேளாதவனாக மாற்றினார். தொகுதிக் கணக்கில் அவன் கதை போகிறது, அவன் கண்ணையும் தோளையும் கத்தியையும் வைத்தே அவனை நமக்குத் தெரியவைக்கிறார்.

நானே ஒரு சித்திரக்கதை வரைகிறேன் அண்ணா. கபடி விளையாடும் பெண்ணின் கதை. முதல் எட்டுப் பக்கத்தை அனுப்பியிருக்கிறேன். வாசித்த தோழி 'ரொம்பப் பேசுறா உன் ஹீரோயின்' என்கிறாள். ஆனால் பேசாவிட்டால் கதை எப்படிப் புரியும்?
— ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வாசகி

எட்டுப் பக்கத்தையும் நான்கு தடவை பார்த்தேன் அம்மா. உங்கள் கோடு நன்றாக இருக்கிறது, பாடிப் போகிற உடம்பின் வளைவு அச்சு அசலாக வந்திருக்கிறது. உங்கள் தோழி சொன்னதும் சரி.

நான் வருடக்கணக்காகச் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது. பக்கத்தை மேசையில் வைத்து ஒவ்வொரு பலூனையும் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்தபிறகும் எல்லாம் புரிகிறதா, அப்படியென்றால் அது போகட்டும். மறைத்தால் ஒரு தகவல் விடுபடுகிறதா, அதை வரைய முடியுமா என்று முதலில் யோசியுங்கள். மறைத்தால் அந்த ஆளே காணாமல் போகிறாரா, அவருடைய பொய்யோ பயமோ தப்புக்கணக்கோ போய்விடுகிறதா, அந்தப் பலூனை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஓவியர். பல வருடம் முன்னால் ஒரு சிறுவர் இதழுக்கு நான்கு பக்கக் கதை எழுதினேன். வேலை போன அப்பா வீட்டுக்கு வருகிறார், கையில் வழக்கமான டிபன் கேரியர். 'வேலை போய்விட்டதே, மகளிடம் எப்படிச் சொல்வேன்' என்று நினைவு பலூன் போட்டிருந்தேன். அவர் பென்சில் வரைவிலேயே அதை அழித்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி. மகள் கேரியரைக் கழுவ எடுக்கிறாள், கனமாக இருக்கிறது, மூடியைத் திறக்கிறாள், காலையில் வைத்த சோறு அப்படியே இருக்கிறது. அடுத்த கட்டத்தில் அவள் கண் மட்டும். 'இது போதும் சார், மிச்சத்தைப் படிக்கிற பிள்ளை பார்த்துக்கும்' என்றார். அவர் சொன்ன மாதிரியே அந்தக் கதைக்குக் கடிதம் எழுதிய பிள்ளைகள் ஒருத்தர் கூட 'அப்பாவுக்கு என்ன ஆச்சு' என்று கேட்கவில்லை.

ஃபுஜிமோட்டோ தாட்சுகியின் 'லுக் பேக்' கிடைத்தால் படியுங்கள், 2021-ல் வந்த 143 பக்கக் கதை. ஃபுஜினோ என்ற சிறுமி வரைவதையே விட்டுவிட்டாள். அவள் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாளோ அந்தக் கியோமோட்டோ ஓடிவந்து 'ஃபுஜினோ சென்செய்' என்று குருவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுத் தன் முதுகில் கையெழுத்து கேட்கிறாள். எதிரே நிற்கும்போது ஃபுஜினோ ஒன்றுமே நடக்காத மாதிரி மிதப்பாகப் பேசிவிட்டு நடக்கிறாள். வயல் நடுவே பாதை, மழை. நடை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது, கால் துள்ளுகிறது, கை காற்றில் எங்கெங்கோ போகிறது. ஒரு சொல் கிடையாது. வீட்டுக்கு வந்து ஈரம் சொட்டச் சொட்ட மேசையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிடுகிறாள். 'என் எதிரியே என்னைப் பாராட்டிவிட்டாள்' என்று ஒரு பலூன் இருந்திருந்தால் நாம் அந்தத் துள்ளலைப் பார்த்திருப்போமா என்று யோசியுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாம் பக்கம். அக்காவோடு ஏன் பேசுவதில்லை என்பதை உங்கள் பெண் பதினொரு வரியில் மனசுக்குள் சொல்லி முடித்துவிடுகிறாள். முடித்துவிட்டதால் ஏழாம் பக்கத்தில் அக்கா வாசலில் வந்து நிற்கும்போது எனக்குத் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை. ஆனால் ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் ஒன்று வரைந்திருக்கிறீர்கள், உங்களுக்கே அதன் மதிப்பு தெரிந்ததா தெரியவில்லை. மழை வருகிறது, அவள் ஓடிப்போய்க் கொடியில் காய்கிற துணியை எடுக்கிறாள், அம்மாவுடையதை எடுக்கிறாள், தன்னுடைய ஜெர்சியை எடுக்கிறாள், அக்காவின் சுடிதாரை மட்டும் விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறாள். அந்தக் கட்டத்துக்கு மேலே 'அவள் துணியை நான் ஏன் எடுக்கவேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டைவிரலை வைத்து மறைத்துப் பாருங்கள்.

இதை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள், பதினொரு வரியையும் எடுத்துவிடுங்கள். சண்டைக்கான காரணம் எனக்கு இப்போதைக்கு வேண்டாம், சண்டை இருக்கிறது என்று தெரிந்தால் போதும், காரணத்தைத் தேடி நானே பக்கத்தைத் திருப்புவேன். கபடி விதிகளைச் சொல்லவேண்டும் என்றால் அணியில் புதிதாகச் சேருகிற ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவாருங்கள், 'ஹைக்யூ'வில் வாலிபால் தெரியாத யாச்சி வந்து சேர்ந்த மாதிரி. தெரியாதவள் கேட்பாள், தெரிந்தவள் அலுத்துக்கொண்டே சொல்வாள், அந்த அலுப்பில் உங்கள் நாயகி யாரென்றும் தெரிந்துவிடும். மூன்றாம் பக்கத்தில் 'எனக்குப் பயமே இல்லை' என்று நினைத்தபடி ஷூ லேஸை இரண்டாவது தடவை அவிழ்த்துக் கட்டுகிறாளே, அந்த நினைவு பலூனை மட்டும் தொடாதீர்கள், அவள் பொய் சொல்கிறாள் என்று கை காட்டிக்கொடுக்கிறது.

திருத்தியபிறகு எட்டுப் பக்கத்தையும் மறுபடி அனுப்புங்கள். ஏழாம் பக்கத்தில் வாசலில் நிற்கிற அக்காவின் தோளில் அந்தச் சுடிதார் இன்னும் ஈரமாக இருக்குமா என்பதையும் யோசித்துவையுங்கள்.